உன் அண்ணன் நேரம் தவறவில்லை

ஆலங்கரை,
திருத்துறைப்பூண்டி வழி.
ஐப்பசி 12, புதன்கிழமை.

அன்பு மகள் வானதிக்கு, அப்பா துரைக்கண்ணு எழுதிக்கொண்டது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அந்தக் குளிர் தேசத்தில் காய்ச்சல் தலைவலி என்று படுக்காமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் உன் அண்ணி சாவித்திரியும் பேத்தி நீலாவும் இருக்கிறோம். நலம் என்று சேர்த்து எழுதத்தான் கை போனது, பொய் போதும் என்று நிறுத்திக்கொண்டேன். போன் இருக்கும்போது கிழவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நீ பயந்துகொண்டேதான் பிரிப்பாய். காரணம் இருக்கிறது. எனக்குக் காது மந்தமானதிலிருந்து சாவித்திரிதான் போனை ஸ்பீக்கரில் போட்டு என் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நீ கேட்பதும் நான் சொல்வதும் எல்லாம் அவள் காதில் விழுந்துதான் போகிறது. நான் சொல்ல வேண்டியதை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் நீலாவின் பழைய நோட்டிலிருந்து தாள் கிழித்து மூன்று நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத்து கோணிக்கொண்டு போகும், பொறுமையாகப் படி.

வீட்டுச் செய்தி ஒன்றிரண்டு சொல்லிவிடுகிறேன். குறுவை சுமாராக வந்தது, அறுத்துக் கரையேற்றியாகிவிட்டது. சம்பாவுக்கு விதைத்து முளைத்து ஒரு சாண் நிற்கிறது. அமிர்தலிங்கம்தான் தன் வயலோடு சேர்த்து நம் வயலையும் பார்க்கிறான், கூலி என்று பேச்செடுத்தால் கோபித்துக்கொள்கிறான். மாடு கன்று போட்டிருக்கிறது, கிடேரி. சாவித்திரி அங்கன்வாடி வேலைக்குப் போய்விட்டு வந்து வயலுக்கும் போகிறாள், பாதி ஆளாகிவிட்டாள், உன்னிடம் போனில் சிரித்துப் பேசுவதை நம்பாதே. இரண்டு நாளாக மழை பிடித்துக்கொண்டிருக்கிறது. முதல் தூறல் விழும்போதே அவள் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிடுகிறாள். போன கார்த்திகைக்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் மழையைப் பார்த்து உட்காருவதில்லை.

நீலாவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பத்தாவது படிக்கிறாள், மார்க் எல்லாம் நன்றாகத்தான் வருகிறது. அவள் பள்ளிக்கூடத்தில் ஏதோ விழாவாம், பட்டாளத்துக்காரர்களின் பிள்ளைகள் மேடையேறி அப்பாவைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டுமாம். இவள் முடியாது என்று சொல்லிவிட்டாள். ஹஃப்ஸா டீச்சர் சாவித்திரியைக் கூப்பிட்டு, வற்புறுத்த வேண்டாம், ஆனால் ஏன் என்று மட்டும் கேளுங்கள் என்று அனுப்பியிருக்கிறார். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாவித்திரி கேட்டாள். நான் கட்டிலில்தான் படுத்திருந்தேன். நீலா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “என்னத்தைப் பேசச் சொல்றீங்க? தாத்தா ரெண்டரைக்குள்ள ஏறிடச் சொன்னாரு, எங்கப்பா ஏறலை. அதைப் பேசவா? அவருக்கு ஊரான் பயிருதான் பெருசாப் போச்சு. நானும் நீயும் ஞாபகத்துல இருந்திருந்தா ஏறியிருப்பாரு.” சொல்லிவிட்டு நாற்காலியைப் போட்டு ஏறி, சுவரில் இருந்த உன் அண்ணன் போட்டோவை எடுத்து பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். சாவித்திரி அவளை அதட்டவில்லை. ஒரு வார்த்தை அதட்டியிருந்தாலாவது எனக்கு மூச்சு வந்திருக்கும். அவள் தலையைக் குனிந்துகொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் மனதிலும் அதுதான் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

வானதி, பெற்ற பெண் தகப்பன் போட்டோவைப் பூட்டிவைக்கிற அளவுக்கு உன் அண்ணன் ராஜா என்ன செய்தான்? அவனைப் பற்றி உனக்குத் தெரியும், தெரிந்ததையும் எழுதுகிறேன், எழுதாமல் என்னால் அடுத்த விஷயத்துக்குப் போக முடியாது. பதினெட்டு வயதில் திருச்சியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு என்னிடம் சொல்லாமல் ஓடியவன் அவன். எனக்குப் பிறகு சட்ரஸ் மதகு வேலைக்கு அவனைச் சேர்த்துவிடலாம் என்று நான் நினைத்திருந்தேன், ஆறு மாதம் அவனோடு பேசவில்லை. அவன் பாட்டுக்கு வாராவாரம் உன் அம்மாவுக்குக் கடிதம் போட்டுக்கொண்டிருந்தான், கடைசி வரியில் அப்பாவுக்குக் கோபம் குறைந்ததா என்று மட்டும் கேட்டிருப்பான். கார்கில் சண்டை வந்தபோது இருபது வயது முடிந்திருக்கவில்லை. டீக்கடை டிவியில் மலையைக் காட்டும்போதெல்லாம் நான் போய் நின்று பார்ப்பேன், எல்லா மலையும் ஒன்றுபோலத்தான் இருந்தது. உன் அம்மா அம்சவல்லி அந்த இரண்டு மாதமும் ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டாள். அவன் கடிதத்தில் இருந்ததெல்லாம் சாப்பாடு பரவாயில்லை, குளிர் கொஞ்சம் அதிகம் என்பதுதான். சண்டை முடிந்தும் அந்த உச்சியிலேயே பனிக்காலம் முழுக்க நிறுத்திவைத்திருந்தார்கள். அடுத்த சித்திரையில் லீவில் வந்தவன் அந்த வெயிலில் வீட்டுக்குள்ளேயும் சாக்ஸ் போட்டுக்கொண்டு திரிந்தானே, ஞாபகம் இருக்கிறதா? நீதான் அவன் மத்தியானம் தூங்கும்போது விளையாட்டாக உருவினாய், உருவிவிட்டு அலறினாய். இடது காலில் இரண்டு விரல் இல்லை. பனியில் கறுத்துப்போய் எடுத்துவிட்டார்களாம். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுததற்கு, “இன்னும் எட்டு இருக்கும்மா, அழாத” என்று சொன்னான். அதற்குப் பிறகு ஈர வரப்பில் அவன் நடப்பதைப் பார்த்தால் மட்டும் தெரியும், ஒரு பக்கமாக அழுத்தி வைப்பான். மற்றபடி யாருக்கும் தெரியாது.

பதினேழு வருஷம் முடித்துவிட்டு வந்தவன் மற்றவர்கள் மாதிரி சென்னைக்குப் போகவில்லை. திருத்துறைப்பூண்டியில் ஒரு பேங்க்கில் காவலுக்கு நின்றான், துப்பாக்கியைப் பிடித்த கையால் வீட்டுக்கு வந்து நீலாவுக்கு இரட்டைப் பின்னல் போட்டான். சாவித்திரி போடுகிற பின்னல் மத்தியானத்துக்குள் அவிழ்ந்துவிடும், அவன் போட்டது சாயங்காலம் வரைக்கும் அசையாது என்று அந்தப் பெண்ணே பெருமையாகச் சொல்லும். அம்மாவுக்குக் கிட்னி போய் வாரம் இரண்டு தடவை தஞ்சாவூர் போக வேண்டியிருந்த இரண்டு வருஷமும் விடிவதற்குள் முதல் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனவன் அவன்தான். நான் ஒரு தடவை போனேன், ரத்தம் குழாயில் ஓடுவதைப் பார்த்து மயங்கி விழுந்தேன், அதோடு சரி. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னதும் அவனும் உப்பில்லாமலே சாப்பிட்டான். அம்மா முகம் சுளிக்காமல் சாப்பிட வேண்டுமே, அதற்காக. இரண்டு வருஷம். சாவித்திரி சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. நீ அயர்லாந்துக்கு நர்ஸ் வேலைக்குக் கிளம்பினபோது பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்று சொந்தக்காரர்கள் குதித்தார்கள், நானும் அவர்களோடு சேர்ந்து தலையாட்டினேன். “நான் போனப்ப யாரும் என்னைத் தடுக்கலையே, அவளை மட்டும் ஏன் தடுக்கிறீங்க” என்று கேட்டு உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவன் உன் அண்ணன். நேரம் என்று வந்துவிட்டால் அவனிடம் பேச முடியாது. ஆறு பத்துக்கு வருகிறேன் என்றால் ஆறு பத்துக்கு வண்டிச் சத்தம் கேட்கும். சாவித்திரி உலை வைப்பதே அதை நம்பித்தான்.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர் சட்ரஸ் ஆற்றில் கடைசி மதகு, அதைத் தாண்டினால் உப்பளமும் கடலும்தான். அங்கே முப்பத்துநாலு வருஷம் லஸ்கராக இருந்து ஷட்டரை ஏற்றி இறக்கினேன். கடல் ஏறி நிற்கும் நேரத்தில் ஆற்றுத் தண்ணீர் வடியாது, மதகுக்கு முன்னால் அசையாமல் தேங்கும். கடல் வாங்க ஆரம்பித்தால் அவ்வளவு தண்ணீரும் மதகுக் கண்ணுக்குள் இழுக்கும். அந்த நேரம் நாளுக்கு இரண்டு நாழிகை பின்னால் தள்ளிப்போகும். அன்றைக்கு என்ன திதி என்று தெரிந்தால் போதும், எத்தனை மணிக்கு இழுக்கும் என்று நான் விரலை மடக்கிச் சொல்லிவிடுவேன். ரிடையர் ஆன பிறகும், புதிதாக வேலைக்கு வருகிறவர்கள்கூட வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டுக்கொண்டுதான் போவார்கள். அதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. உனக்குத் தெரியும், நீ கேலிகூடச் செய்வாய்.

போன கார்த்திகையில் மழை நாலு நாள் விடவில்லை. கரண்ட் இல்லை, போன் எல்லாம் செத்துக் கிடந்தது, ரோடு தண்ணீருக்குள் போய்விட்டது. மதகை முழுக்கத் தூக்கிவிட்டும் வெங்காயத்தாமரை வந்து கண் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டது, அதை அள்ளுகிற மிஷின் வரவும் வழியில்லை, ஆள் இறங்கிக் கையால்தான் வெட்டிவிட வேண்டும். நம் வயல், அமிர்தலிங்கம் வயல் என்று இல்லை, ஊர் மொத்தமும் பயிர் முழுகிக் கிடந்தது, இன்னும் ஒரு நாள் போனால் அழுகிவிடும். சாவித்திரியும் நீலாவும் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்களுக்குச் சமைக்கப் போயிருந்தார்கள். நான் காய்ச்சலில் கிடந்தேன். மாத்திரையைப் போட்டுக்கொண்டு பகலிலும் தூங்குவேன். வெளியே எப்போது பார்த்தாலும் ஒரே இருட்டு. எழுந்து பார்த்தால் கடிகாரம் ஆறு காட்டும். விடிந்துவிட்டது என்று நினைத்து, எழுந்ததும் செய்கிற வழக்கப்படி என் அறைக் காலண்டரில் தாளைக் கிழிப்பேன். அது காலை ஆறா மாலை ஆறா என்று நான் யோசிக்கவில்லை. இரண்டு நாள் அப்படி சாயங்காலத்திலும் ஒரு தாள் கிழித்திருக்கிறேன். எனக்கு அது தெரியாது.

மத்தியானம் ஒரு மணி இருக்கும், ராஜா சொட்டச் சொட்ட வந்து கட்டில் பக்கத்தில் நின்றான். “அப்பா, இன்னைக்குக் கடல் எப்ப வாங்கும்?” என்று கேட்டான். நான் காலண்டரைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை, சதுர்த்தசி என்று இருந்தது. விரலை மடக்கினேன். “நாலு மணி வரைக்கும் ஏறிதான் நிக்கும், தண்ணி அசையாது, அதுக்குள்ள வெட்டி விட்டுடு” என்று சொன்னேன். “சரிப்பா, நான் மூணரைக்கே ஏறிடுறேன்” என்றான். புறங்கையால் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் விட்டிருக்கு, கஞ்சியைக் குடிச்சிடுங்க என்று டம்ளரை எட்டுகிற இடத்தில் நகர்த்தி வைத்துவிட்டுப் போனான். வானதி, அன்றைக்குப் புதன்கிழமை. துவாதசி. நான் சொன்ன நேரத்துக்கும் நிஜ நேரத்துக்கும் நாலு நாழிகை வித்தியாசம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேலே.

இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டுதான் இறங்கியிருக்கிறான். அமிர்தலிங்கமும் இன்னும் நாலு பேரும் பாலத்தின் மேலிருந்து கயிற்றைப் பிடித்திருந்தார்கள். மூணரைக்கு மேலே வந்துவிடலாம் என்று அவர்களிடமும் சொல்லியிருக்கிறான். ரெண்டே முக்காலுக்குள் அவ்வளவு தாமரையும் ஒரேயடியாக நகர்ந்து மதகுக்குள் இறங்கிவிட்டது. கயிறு அதில் சிக்கிக்கொண்டது. இழுத்தவர்கள் கை தோல் உரிந்துபோனதுதான் மிச்சம். அந்தப் பக்கம் கரையில் அவனை எடுத்தார்கள். எனக்கு ஆள் ஓடிவந்து சொன்னபோது நான் கடிகாரத்தைத்தான் பார்த்தேன். மூன்று ஆகியிருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே என்று நினைத்தேன். மகன் போய்விட்டான் என்று காதில் விழுகிறது, என் புத்தி மணியைப் பார்த்துக் கணக்குப் போடுகிறது. இப்படி ஒரு தகப்பன்.

முற்றத்தில் கொண்டுவந்து போட்டார்கள். சாவித்திரி பள்ளிக்கூடத்திலிருந்து சேற்றில் விழுந்து எழுந்து ஓடிவந்தாள். கூட்டத்தில் ஒரு அம்மாள், புதன்கிழமையும் அதுவுமாக இப்படி ஆகிவிட்டதே என்று அழுதாள். புதனா என்று பக்கத்தில் நின்றவனைக் கேட்டேன், ஆமாம் என்றான். என் விரல் தன்னால் மடங்கியது. ரெண்டரைக்கு முன்னாலேயே இழுத்திருக்கும் என்று கணக்கு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து யாரோ, “ஏன் லஸ்கரே, நீங்க நேரம் சொல்லலையா?” என்று கேட்டார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சாவித்திரியும் நிமிர்ந்து பார்த்தாள். “சொன்னேனே, ரெண்டரைக்கு இழுக்கும், அதுக்குள்ள ஏறிடுன்னு சொல்லித்தானே அனுப்புனேன்” என்று என் வாய் சொல்லிவிட்டது. யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்ன பிறகு இல்லை என்று மறுக்கவும் இல்லை. மூணரைக்கு ஏறலாம் என்று அவன் சொன்னது அமிர்தலிங்கத்துக்குத் தெரியும், இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். தகப்பன் சொன்ன நேரத்துக்கு மேலே இவனாக ஒரு மணி நேரம் கூட்டிக்கொண்டான், பட்டாளத்துத் தைரியம் என்று முடிவுகட்டிவிட்டார்கள். இன்றைக்கும் யாராவது தாமரை வெட்ட இறங்கினால், “ராஜராஜன் மாதிரி சொன்ன பேச்சை மீறிடாதீங்கடா” என்றுதான் டீக்கடையில் சொல்லி அனுப்புகிறார்கள். என் காதுபடவே சொல்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன்.

இன்னும் கேள். மறுநாள் சுடுகாட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு அறைக்குள் போனால் காலண்டர் வெள்ளிக்கிழமையைக் காட்டிக்கொண்டிருக்கிறது, அன்றைக்கு வியாழன். அதைப் பார்த்து நெஞ்சில் அடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்திருக்க வேண்டும் நான். ஓடிவரவில்லை. அறைக் கதவைச் சாத்தினேன். இரண்டு நாள் தாள் கிழிக்காமல் விட்டேன். சனிக்கிழமை காலையில் எல்லோரையும் போல ஒரு தாள் கிழித்தேன். துக்க வீட்டில் கிழவன் காலண்டர் கிழிக்கவில்லை என்று யார் கவனிக்கப்போகிறார்கள்? அந்தச் சனிக்கிழமைதான் நீ வந்து இறங்கினாய். வந்ததும் என் மடியில் விழுந்து, “அண்ணன் ஏன்ப்பா கேக்கலை?” என்று அழுதாய். உன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். நீ விமானம் ஏறுகிற வரைக்கும் உண்மையைச் சொல்லவில்லை.

தை மாதம் அதிராம்பட்டினத்திலிருந்து அஸார் வந்தார். உன் அண்ணனோடு ஒன்றாகப் பட்டாளத்தில் இருந்தவர், விஷயமே அவருக்குத் தாமதமாகத்தான் தெரிந்திருக்கிறது. நடந்ததை சாவித்திரி சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தவர், நடுவில் கையை நீட்டி நிறுத்திவிட்டார். “அண்ணி, அவன் நேரத்தை மீறுனான்னு மட்டும் சொல்லாதீங்க. நாங்க மலையில கண்ணிவெடி எடுக்கப் போவோம். இத்தனை மணிக்குள்ள திரும்பிடணும்னு மேலேருந்து சொல்லி அனுப்புவாங்க. அதுக்கு மேல அந்த இடத்துல நம்ம பீரங்கியே சுடும். ஒரு நிமிஷம் பிந்துனா நம்ம குண்டுலயே சாவோம். எங்களைக் கையைப் புடிச்சு இழுத்துட்டு வர்றவனே ராஜாதான். சொன்ன நேரத்தை அப்படியே நம்புவான் அவன்” என்று சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, “வேற ஏதோ நடந்திருக்குப்பா” என்றார். நான் மோர் கொண்டுவரச் சொல்லி எழுந்துவிட்டேன். சொன்ன நேரத்தை அப்படியே நம்புகிறவன். அந்த மலையில் அவனுக்கு நேரம் சொன்னவர்கள் யாரும் அவனைக் கொல்லவில்லை. வீட்டில் கட்டிலில் படுத்துக்கொண்டு நேரம் சொன்ன நான்தான் கொன்றேன்.

அஸார் வந்து போனதிலிருந்து சாவித்திரிக்கு நிம்மதி இல்லை. சோறு போடும்போது கேட்பாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது கேட்பாள். எப்படி மாமா, அவர் எப்படி மாமா என்று. ஆடி மாதம் ஒரு நாள் என் எதிரில் உட்கார்ந்துகொண்டு, “அன்னைக்குக் காலையில தண்ணியில இறங்க வேணாம்னு நான் சண்டை போட்டேன் மாமா. உங்களுக்கு ஊருதான் முக்கியம்னு ஒரு வார்த்தை கடுப்பா சொல்லிட்டேன். அந்தக் கோவத்துலதான் மணியைப் பாக்காம நின்னுட்டாரோ?” என்று கேட்டாள். இது அவளை ஆறேழு மாதமாகத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். விதிம்மா என்று சொன்னேன். அவள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது, அன்றிலிருந்து அந்தக் கேள்வியைக் கேட்பதை நிறுத்திவிட்டாள். சாப்பிடுவதையும் குறைத்துவிட்டாள்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். இந்த வீட்டில் எனக்குச் சோறு அவள் கையால்தான், அது போய்விடுமே என்ற பயம் ஒன்று. ஆனால் அது பிறகு வந்த பயம். அன்றைக்கு முற்றத்தில் வந்தது அது இல்லை. லஸ்கர் துரைக்கண்ணு கணக்குத் தப்பிவிட்டது என்று ஊர் சொல்லுமே என்பதுதான் அன்றைக்கு என் வாயைத் திறந்தது. பிள்ளையைத் தரையில் போட்டு வைத்திருக்கிறார்கள், காலில் எட்டு விரல்தான் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே நான் என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டேன். அவனை ஒரு தடவை தண்ணீருக்கு அனுப்பிக் கொன்றேன். பிறகு அவன் பெயரையும் கெடுத்தேன். இதை எழுதுகிற இந்த நிமிஷத்திலும் என்னை நீ மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, கேட்கவும் மாட்டேன். எழுபத்தெட்டு வயதில் இனி என்ன சரிசெய்ய முடியும்? அவன் வரமாட்டான். அந்தப் பெண்ணுக்குப் போன ஒரு வருஷம் திரும்ப வராது. ஆனால் ஒரு குழந்தை செத்துப்போன அப்பாவின் மேல் கோபமாக இருக்கிறது, அந்தக் கோபத்துக்கு உரியவன் அதே வீட்டில் கட்டிலில் உட்கார்ந்து அவள் கொண்டுவந்து வைக்கிற காப்பியைக் குடித்துக்கொண்டிருக்கிறான். அது இனி நடக்கக் கூடாது.

கார்த்திகையில் அவன் வருஷத் திதி வருகிறது. அஸார் வருகிறார், பட்டாளத்திலிருந்து வந்தவர்கள் ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஊரும் வரும். அந்தக் கூட்டத்தில் நானே எழுந்து சொல்லப்போகிறேன், காலண்டரையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன். நீ லீவு கிடைக்கவில்லை என்று வருத்தப்படாதே, இதைப் பார்க்க நீ இல்லாமல் இருப்பதே எனக்கு நல்லது. நீலாவுக்கும் அதற்கு முன்னால் நானே தனியாக உட்காரவைத்துச் சொல்வேன். குழந்தைக்குக் குளிருக்குக் கம்பளி போட்டு அனுப்பு. ராத்திரி டியூட்டி முடிந்து வந்து வெறும் வயிற்றில் தூங்காதே. மாப்பிள்ளையோடு சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபித்துக்கொள்ளாதே, கோபித்துக்கொண்டாலும் அன்றைக்கே பேசிவிடு. நீயும் உன் குடும்பமும் குறை இல்லாமல் நூறு வயது வாழ வேண்டும். என் ஆசீர்வாதத்துக்கு இனி என்ன மதிப்பு இருக்கிறதோ, இருக்கிற மட்டும் உங்களுக்குத்தான்.

முடிக்கும் முன் ஒன்று. சாவித்திரிக்கு இதை வாயால் சொல்ல மூன்று தடவை முயற்சி செய்தேன். மூன்று தடவையும் தண்ணீர் கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டேன், அவளும் மூன்று தடவையும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். உன் ஊர் விலாசத்தை இங்கிலீஷில் எழுத எனக்குத் தெரியாது, எப்போதும் அவள்தான் எழுதித் தருவாள். இந்தக் கவரை ஒட்டாமல் அவளிடம் கொடுத்து, முழுக்கப் படித்துவிட்டு விலாசம் எழுதம்மா என்று சொல்லப்போகிறேன். அனுப்புவதும் அடுப்பில் போடுவதும் அவள் இஷ்டம். இது உன் கைக்கு வந்து சேர்ந்திருந்தால், கவரின் மேல் இருக்கிற எழுத்து எல்லாவற்றையும் படித்த பிறகு அவள் எழுதியது. வந்ததும் எனக்குப் போன் செய்யாதே அம்மா. அவளுக்குச் செய். ஸ்பீக்கரில் போட வேண்டாம், தனியாகப் பேசு என்று சொல்.

இப்படிக்கு,
ராஜராஜனுக்கும் உனக்கும் அப்பா,
துரைக்கண்ணு